ஒரே வகுப்பில் மூன்று தலைமுறை: கற்பிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

கணினி, கைபேசி என்று பேச்சு வந்தாலே, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை, எல்லாம் அவர்களுக்கே தெரியும்" என்று ஒருவர் சொல்வார். "இந்த வயசுக்கு மேல இதெல்லாம் எங்க ஏறப்போகுது" என்று இன்னொருவர் சொல்வார். கற்பிக்க வந்த முதல் வாரத்திலேயே இரண்டும் காதில் விழும், அதுவும் பெரும்பாலும் ஆசிரியர் அறையிலேயே. இரண்டையும் நம்பாமல் வேலையைத் தொடங்குவதற்கான வழிமுறை இது. பள்ளி, கல்லூரி, வேலைப் பயிற்சி மையம், பெரியவர்களுக்கான மாலை வகுப்பு, எதற்கும் பொருந்தும். நீங்கள் நடத்துவது கணினிப் பாடமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வரலாறு நடத்தினாலும் வீட்டுப்பாடம் ஏதோ ஒரு ஆப் வழியாகத்தானே வந்து சேர்கிறது.

முதல் படி: பிறந்த வருடத்தை ஓரமாக வையுங்கள்

2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். கணினியோடும் வீடியோ விளையாட்டோடும் வளர்ந்தவர்கள் டிஜிட்டல் உலகத்தின் பூர்வகுடிகள், மற்றவர்கள் பிற்பாடு அங்கே குடியேறியவர்கள், குடியேறிய ஆசிரியர்கள் பேசுவது பூர்வகுடி மாணவர்களுக்குப் புரிவதில்லை என்பது அவர் வாதம். சட்டென்று பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன, எல்லாருக்கும் வசதியான வாதம் அது. மாணவர் கற்க வேண்டாம், ஆசிரியர் சொல்லித்தரவும் வேண்டாம்.

2008-இல் சூ பென்னட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து இதற்கான ஆதாரங்களைச் சலித்துப் பார்த்தார்கள். வாதத்தின் சத்தத்துக்கு ஏற்ற சான்று இல்லை, ஒரே வயதுக்காரர்களுக்கு உள்ளேயே வேறுபாடு ஏராளம் என்று எழுதினார்கள். பிரென்ஸ்கியே 2009-இல், அந்தப் பிரிவினை போகப்போகப் பொருந்தாது என்று சொல்லி வேறு பக்கம் நகர்ந்துவிட்டார். ஆனால் சொல் மட்டும் ஊருக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எண்ணாகவே வேண்டுமென்றால் ஐசிஐஎல்எஸ் என்ற பன்னாட்டு ஆய்வைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கணினி முன்னால் உட்காரவைத்து, தகவல் தேடு, சரிபார், தொகுத்து அனுப்பு என்று வேலை கொடுத்துச் சோதிக்கும் ஆய்வு. அதன் 2018 சுற்றில், சராசரியாக 2 சதவீதம் பேர்தான் உச்ச நிலையை எட்டினார்கள், 18 சதவீதம் பேர் அடிமட்ட நிலையைக்கூடத் தொடவில்லை. ஸ்மார்ட்போன் வந்த பிறகு பள்ளிக்குப் போன பிள்ளைகள் இவர்கள். கையில் கருவி இருப்பது வேறு, அதை வைத்து வேலை செய்யத் தெரிவது வேறு.

வயதுக்குப் பதிலாக வேறு எதைப் பார்ப்பது? டேவிட் ஒயிட்டும் அலிசன் லெ கார்னுவும் 2011-இல் சொன்ன பிரிவு எனக்கு நடைமுறையில் அதிகம் உதவுகிறது. ஒரு இடத்துக்கு வேலை இருந்தால் மட்டும் வந்து போகிறவர், அங்கேயே குடியிருக்கிறவர், அவ்வளவுதான். ஒரே ஆள் ஒரு இடத்தில் குடியிருப்பார், இன்னொரு இடத்துக்கு விருந்தாளியாக வந்து போவார். எழுபது வயதுக்காரர் வாட்ஸ்அப்பில் காலை முதல் இரவுவரை குடியிருக்கலாம், பத்தொன்பது வயதுக்காரர் மின்னஞ்சலுக்கு மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறவராக இருக்கலாம்.

இரண்டாம் படி: முதலில் கைக்கு வந்த கருவி எது என்று கேளுங்கள்

அப்படியென்றால் தலைமுறை வேறுபாடே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது அறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் முதலில் கைக்கு வந்த கருவியிலிருந்து வருகிறது. வருகைப் பதிவோடு சேர்த்து இந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

1990-களில் மேசைக் கணினியில் தொடங்கியவர்களுக்கு ஃபைல், ஃபோல்டர், 'சேவ்' என்பதெல்லாம் கையோடு ஒட்டியது. மின்சாரம் போனால் எழுதியதெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் இரண்டு வரிக்கு ஒருமுறை 'சேவ்' அழுத்திப் பழகியவர்கள். இன்றைக்கும் தானாகச் சேமித்துக்கொள்ளும் ஆவணத்தில் 'சேவ்' பட்டனைத் தேடுவார்கள்.

முதல் கருவியே ஸ்மார்ட்போன் என்றால் கதை வேறு. ஐபோன் 2007-இல் வந்தது, ஃபைல்களைத் திறந்து பார்க்க அதற்கென்று ஒரு ஆப் 2017-இல்தான் வந்தது. இடைப்பட்ட பத்து வருடம் ஃபைல் என்ற ஒன்று எங்கே இருக்கிறது என்று அந்தக் கருவி காட்டவே இல்லை. படம் என்றால் கேலரி, பாட்டு என்றால் பாட்டு ஆப், எழுதியது என்றால் எழுதிய ஆப். எங்கே வைத்தேன் என்ற கேள்வியே எழாது, தேடினால் வந்துவிடும். இப்படி வளர்ந்த ஒரு மாணவியிடம் "புராஜெக்ட் ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபைலை அட்டாச் பண்ணி அனுப்பும்மா" என்கிறீர்கள். சரி என்று தலையாட்டுகிறார். மாலையில் உங்களுக்கு ஏழு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. கட்டுரை நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒரு வரிகூடத் திருத்த முடியாத படமாக இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், நீங்கள் சொன்ன வாக்கியத்தில் இரண்டு சொல் அவருக்கு எதையும் குறிக்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் நடத்தும் பேராசிரியர்களே, நிரல் எழுதும் மாணவர்களுக்குத் தரவு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை என்று 2021 வாக்கில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள்.

மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு, இவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம். அலுவலகத்தில் ஒரே ஒரு மென்பொருளை இருபது வருடம் ஓட்டியவர்கள். அதில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார்கள், அதற்கு வெளியே ஒரு அடி வைக்கத் தயங்குவார்கள். ஏனென்றால் அவர்கள் கற்றது மென்பொருளை அல்ல, வரிசையை: இங்கே அழுத்து, அப்புறம் அங்கே அழுத்து. அப்புறம் நான்காவது, ஐம்பது வயதுக்கு மேல் நேராகக் கைபேசியில் தொடங்கியவர்கள். இவர்களுக்கு இணையம் என்று தனியாக ஒன்று கிடையாது, முகப்பில் இருக்கும் நாலைந்து ஐகான்தான் இணையம்.

மூன்றாம் படி: கேட்காதீர்கள், பாருங்கள்

'உங்களுக்குக் கணினி எவ்வளவு தெரியும்' என்று படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வது வீண் வேலை. இளையவர்கள் கூட்டிச் சொல்வார்கள், மூத்தவர்கள் குறைத்துச் சொல்வார்கள். அதற்குப் பதில் முதல் வகுப்பில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி ஐந்து சின்ன வேலை கொடுங்கள். நான் கொடுப்பது இவை:

1. மின்னஞ்சலில் வந்த ஒரு ஃபைலைத் திறந்து, பெயர் மாற்றி, புதிய ஃபோல்டரில் சேமித்து, திருப்பி அனுப்புங்கள். தலைப்பு வரி இருக்க வேண்டும்.
2. முப்பது பக்க பிடிஎஃப்-இல் ஒரு குறிப்பிட்ட சொல் வரும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்.
3. இந்த இணையதளத்தை நடத்துவது யார் என்று சொல்லுங்கள்.
4. ஒரு பத்தியைத் தட்டச்சு செய்யுங்கள்.
5. இப்போது செய்த ஒரு மாற்றத்தை ரத்து செய்யுங்கள்.

மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். பிடிஎஃப்-இல் ஒரு ஆள் முப்பது பக்கத்தையும் விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர் இரண்டு விசையை அழுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் தவறு வந்ததும் கையை எடுத்துவிட்டு உங்களைப் பார்ப்பார், இன்னொருவர் பக்கத்து ஆளைக் கேட்பார், மற்றொருவர் கண்டதையும் அழுத்திப் பார்ப்பார். இந்த மூன்றாவது ஆளுக்கு எதுவுமே தெரியாவிட்டாலும் கவலைப்படாதீர்கள், அவர் கற்றுக்கொண்டுவிடுவார். குறிப்பெடுக்க வேண்டியது முதல் ஆளைப் பற்றி.

ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே எந்த வேலை வந்தது, எது வரவில்லை என்று ஒரு தாளில் குறித்து, குழு பிரிப்பதை அந்தத் தாளை வைத்துச் செய்யுங்கள். வயதை வைத்துப் பிரித்திருந்தால் எவ்வளவு தப்பாகப் போயிருக்கும் என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.

நான்காம் படி: மூத்தவர்களோடு உட்காரும்போது

முதலில் எழுத்தளவைப் பெரிதாக்குங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். "தெரியலைங்க" என்று அவர்கள் சொல்வது பல நேரம் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான்.

அடுத்தது விரல். கைபேசித் திரை அழுத்தத்தை உணர்வதில்லை, தோலின் மின்தன்மையை உணர்கிறது. வயதாக ஆகத் தோல் வறண்டுபோவதால் தொட்டது பல நேரம் பதிவாகாது. பதியவில்லையே என்று இன்னும் அழுத்துவார்கள், கொஞ்சம் நேரம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவு நேரம் பிடித்தால் கருவி அதை 'நீண்ட தொடுதல்' என்று எடுத்துக்கொண்டு, ஐகான்களை ஆடவிடும், அல்லது யாரும் கேட்காத ஒரு பட்டியலைத் திறந்து வைக்கும். உடனே விரலை எடுத்துவிட்டு "ஐயோ, ஏதோ கெடுத்துட்டேன்" என்பார்கள். எதையும் கெடுக்கவில்லை. மெதுவாகத் தொட்டு உடனே எடுக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் விரலைச் சற்று ஈரமாக்கிக்கொள்ளலாம், தொடுபேனாவும் உதவும். அணுகல் வசதிகள் என்ற அமைப்புப் பகுதியில் நீண்ட தொடுதலுக்கான நேரத்தை நீட்டிவைக்கவும் முடியும், இது பலருக்கும் தெரியாத வசதி.

அவர்கள் கையிலிருந்து கருவியை வாங்காதீர்கள். வீட்டில் பேரன் பேத்திகள் செய்வது அதைத்தான், "குடுங்க தாத்தா" என்று வாங்கி நாலு விநாடியில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தாத்தாவுக்கு வேலை முடிந்தது, பாடம் நடக்கவில்லை. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். பொறுமை போய்விடும், பரவாயில்லை.

பாடத்தில் முதலாவதாக வர வேண்டியது 'பின்னால் போவது எப்படி' என்பது. முன்னால் போவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பயம்தான் பெரிய தடை, அந்தப் பயத்துக்கும் நியாயம் உண்டு, ஏனென்றால் சில காரியங்களைத் திருப்பிக்கொள்ள நிஜமாகவே முடியாது. அந்தச் சிலவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள்: பணம் அனுப்புவது, ஓடிபி எண்ணை யாருக்காவது சொல்வது, அறிமுகமில்லாத ஆள் கேட்டான் என்று தொலைவிலிருந்து கருவியை இயக்கும் ஆப்பை நிறுவுவது. இந்த மூன்றிலும் நிறுத்தி யோசிக்க வேண்டும், மற்ற இடங்களில் தைரியமாகத் தொடலாம் என்று சொன்னால் முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள், தடுக்காதீர்கள். ஆனால் 'மேலே வலப்பக்கம் மூணாவது பச்சைப் பட்டன்' என்று எழுதினால், அடுத்த அப்டேட்டில் பட்டன் இடம் மாறியதும் அந்தப் பக்கம் செல்லாக்காசு. 'படம் அனுப்ப: பேப்பர் கிளிப் குறியைத் தேடு' என்று காரியத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். இடம் மாறும், குறி அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அப்புறம் வதந்தி. 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் ஃபேஸ்புக்கில் பகிரப்பட்டதை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் மிக இளையவர்களைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச்செய்திகளைப் பகிர்ந்திருந்தார்கள். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே ஆய்வின் இன்னொரு வரியை விட்டுவிடுகிறார்கள்: பெரும்பாலானவர்கள், எந்த வயதாக இருந்தாலும், அப்படி ஒன்றைக்கூடப் பகிரவில்லை. ஆகவே பெரியவர்கள் ஏமாளிகள் என்ற பேச்சை வகுப்பில் அனுமதிக்காதீர்கள். மோசடியில் பணத்தை இழந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் அதிக விகிதத்தில் புகார் சொல்பவர்கள் இளையவர்கள்தான், மூத்தவர்கள் இழக்கும்போது தொகை பெரிதாக இருக்கிறது.

ஐந்தாம் படி: இளையவர்களுக்குச் சொல்லித்தர நிறைய இருக்கிறது

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கின் குழு 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், செய்தித்தளத்தின் முகப்பில் 'விளம்பரதாரர் உள்ளடக்கம்' என்று பட்டவர்த்தனமாகக் குறிக்கப்பட்டிருந்த ஒன்றை நடுநிலைப்பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் உண்மையான செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். அதே குழு இன்னொன்றும் செய்தது. வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் என்று மூன்று தரப்பையும் ஒரே இணையதளங்களின் முன் உட்காரவைத்தது. பேராசிரியரும் மாணவரும் பக்கத்துக்குள்ளேயே இருந்து, லோகோவைப் பார்த்து, முகவரியைப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில விநாடிகளில் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

இதில் தோற்றவர்கள் இரண்டு தலைமுறையும்தான் என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு பழக்கம் எல்லா வயதுக்கும் பாடம், நேரமும் அதிகம் பிடிக்காது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம், ஒரு தளம், ஒரே விதி: அந்தத் தளத்துக்குள் இருந்துகொண்டு பதில் சொல்லக் கூடாது.

மற்றபடி ஃபோல்டர் அமைப்பைக் காகிதத்தில் மரமாக வரையவையுங்கள், கீபோர்டில் பத்து விரலும் பழகட்டும், தெரியாத ஒருவருக்கு மின்னஞ்சல் எழுத வையுங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் நன்றாகப் படிக்கிற மாணவர்களும் திணறுவார்கள், வணக்கத்தோடு தொடங்கி யார் எழுதுகிறேன் எதற்கு எழுதுகிறேன் என்று சொல்லும் வழக்கம் அரட்டைப் பெட்டியில் வளர்ந்தவர்களுக்குக் கிடையாது. கிண்டல் பண்ணாமல் ஒரு மாதிரி எழுதிக்காட்டினால் அடுத்த முறையே சரியாகிவிடும்.

ஆறாம் படி: ஜோடி சேருங்கள், ஆனால் சம்பளமில்லாத உதவியாளர் ஆக்காதீர்கள்

மார்கரெட் மீட் என்ற மானுடவியலாளர் 1970-லேயே சொன்னார், மாற்றம் வேகமாக வரும் காலத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடமிருந்து கற்கும் நிலை வரும் என்று. வந்துவிட்டது. ஆனால் அதை ஒருவழிப் பாதையாக விட்டால் இளையவர் அலுத்துப்போவார், மூத்தவர் கூசிப்போவார். ஜோடிக்கு ஒரு வேலை கொடுங்கள், உதாரணமாக ஃபார்வர்டில் வந்த ஒரு மருத்துவக் குறிப்பு. படத்தை வைத்தே அது முதலில் எங்கே வந்தது என்று இணையத்தில் தேடுவது, டேப் திறப்பது எல்லாம் இளையவர் வாயால் வழிகாட்ட மூத்தவர் கையால் நடக்க வேண்டும். இந்தக் குறிப்பால் யாருக்கு லாபம், இதில் எந்த வாக்கியம் இடிக்கிறது என்று கேட்பது மூத்தவர் வேலை. விரலைவிட அனுபவம் வேகமாக ஓடும் இடம் அது, இளையவர் அப்போது நோட்டை எடுப்பார்.

ஏழாம் படி: காகிதத்தைக் கைவிடாதீர்கள்

2018-இல் 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்ட வாசகர்களை உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று வந்தது. தகவல் சார்ந்த பாடத்தைக் காகிதத்தில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்திருந்தது, நேர நெருக்கடி இருந்தால் இன்னும் தெளிவாக. கதைகளில் வித்தியாசம் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆய்வுகள் 2000-இலிருந்து 2017 நோக்கி வர வர இந்த இடைவெளி குறையவில்லை, கூடியது. திரையோடு பிறந்தவர்களுக்குத் திரை பழகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்த இடம் இது. கடினமான நாலு பக்கத்தை அச்சிட்டுக் கொடுங்கள், மற்றதைத் திரையில் விடலாம். கையால் குறிப்பெடுப்பது மேல் என்ற 2014 ஆய்வை ரொம்ப நம்பி மடிக்கணினிக்குத் தடை போட வேண்டாம், 2019-இல் மறுபடி செய்துபார்த்தபோது முடிவு அவ்வளவு உறுதியாக வரவில்லை.

எட்டாம் படி: ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று எல்லாத் தலைமுறைக்கும் ஒரே நாளில் வந்தது. யாருக்கும் பழைய பழக்கம் கிடையாது, அதனால் முன்னிலையும் கிடையாது. இளையவர்கள் சட்டென்று எடுத்துவிடுகிறார்கள், பாடத்தை ஆழமாக அறிந்தவர்கள் அது தைரியமாகச் சொல்லும் பொய்யைப் பிடித்துவிடுகிறார்கள். தடையா அனுமதியா என்ற விவாதத்தை நிர்வாகம் நடத்தட்டும். நீங்கள் ஒரு வேலை கொடுங்கள்: பாடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கி, அதில் தவறான, நிரூபிக்க முடியாத, அல்லது வெறும் ஒப்பனையான வாக்கியங்களைச் சிவப்பில் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று எழுதுங்கள். கேள்வி உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதியிலிருந்து இருக்கட்டும், இல்லாவிட்டால் திருத்தும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசிப் படி: மதிப்பெண்ணும் மறுசோதனையும்

ஏழு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய அந்த மாணவிக்கு என்ன மதிப்பெண்? முதல் மாதம் முழு மதிப்பெண் கொடுத்து, ஃபைலாக மறுபடி அனுப்பச் சொல்லி, எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். சொல்லித்தந்த பிறகும் படமாகவே வந்தால் குறைக்கலாம். சொல்லித்தராத ஒன்றுக்காக மதிப்பெண்ணைக் குறைத்தால், வீட்டில் மடிக்கணினி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள இடைவெளியை நீங்களே விடைத்தாளில் பதிவுசெய்கிறீர்கள். மூத்த மாணவர்களுக்கும் இதே விதிதான், தட்டச்சு மெதுவாக இருக்கிறது என்பதற்காகத் தேர்வில் நேரம் போதாமல் போகக் கூடாது.

மூன்று மாதம் கழித்து அதே ஐந்து வேலைகளை மறுபடி கொடுங்கள், வேறு பிடிஎஃப், வேறு இணையதளம் வைத்து. பழைய தாளையே எடுத்துப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போட்டுக் குறியுங்கள். முதல் முறை தவறு வந்ததும் கையை எடுத்துவிட்டு உங்களைப் பார்த்தவர் இந்த முறை என்ன செய்கிறார் என்பதை மட்டும் தவறாமல் எழுதிவையுங்கள், அடுத்த பருவத்தின் பாடத்திட்டத்தை அதிலிருந்து தொடங்கலாம்.